பென்டிரைவ் இல்லாமல் டெபியன்: க்ரப் வழியா, நெட்வொர்க் வழியா?

கணினியில் ஏற்கெனவே ஏதாவது லினக்ஸ் ஓடுகிறதா? அப்படியென்றால் க்ரப் (கணினி கிளம்பும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) வழிதான் சுலபம். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் தளத்தில், இணையம் வழி நிறுவுவதற்கான நெட்பூட் பகுதியிலிருந்து கர்னல் (இயங்குதளத்தின் மையம்), இனிட்ஆர்டி (தொடக்கத்தில் ராமில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) என்று இரண்டே கோப்புகளை இறக்கி பூட் அடைவில் வையுங்கள். மறுதொடக்கத்தில் க்ரப் மெனு வந்ததும் 'சி' விசையைத் தட்டி, அந்தக் கோப்புகளின் பாதையைக் கொடுத்தால் டெபியனை நிறுவும் நிரல் வந்துவிடும். அது முழுக்க ராமிலேயே ஓடுவதால், கிளம்பிய வட்டையே அழித்துப் புதிதாகப் பிரிக்கலாம். ஆனால் வட்டை அழித்தபின் பாதியில் இணையம் போனால் பழைய லினக்ஸும் இருக்காது. வைஃபையை நம்பாமல் கேபிளைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள்.

வட்டு காலியா? சரி, பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழியே கணினியைக் கிளப்பும் முறை. இதற்கு இன்னொரு கணினி வேண்டும். அதில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் ஒன்றே டிஎச்சிபி (நெட்வொர்க் முகவரி வழங்குவது), டிஎஃப்டிபி (பூட் கோப்புகளை அனுப்புவது) இரண்டையும் பார்த்துக்கொள்ளும். வீட்டு ரவுட்டரோடு மோதாமல் ப்ராக்ஸி முறையில், அதாவது முகவரி வழங்குவதை ரவுட்டரிடமே விட்டுவிட்டு, அமையுங்கள். ஒரே கணினிக்கு இது வீண் மெனக்கெடல். இருபது கணினி உள்ள ஆய்வகம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.