கல்வியின் மெய்யியல், சமூக அடிப்படைகளை மேலே படிக்க: கொழும்பு ஆசிரியருக்கு முன்னுள்ள வழிகள்

கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றில் கற்பித்துக்கொண்டு, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் முடித்துவிட்ட ஒருவர் கல்வி மெய்யியலிலோ கல்விச் சமூகவியலிலோ தொடர்ந்து படிக்க விரும்பினால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், நாவலையிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், மஹரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் என்னும் மூன்றும்தான் முதலில் நினைவுக்கு வரும். புறக்கோட்டையிலிருந்து மஹரகம செல்லும் 138ஆம் இலக்க பஸ் பாதையிலோ அதற்குச் சற்றுத் தள்ளியோ மூன்றும் அமைந்திருப்பதால் தூரம் பெரிய தடையில்லை. எனவே ஆசிரியர் ஓய்வறைகளில் பேச்சு கட்டணத்தைப் பற்றியும், எத்தனை மாதத்தில் முடியும் என்பதைப் பற்றியுமே நடக்கிறது. இந்தத் துறையைப் பொறுத்தவரை ஆய்வேடு உண்டா, அதை யார் மேற்பார்வை செய்வார் என்ற இரண்டையும் பார்த்த பின்னரே மற்றவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நாட்டின் கல்வித் தகைமைகளை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம், ஆய்வேடு உள்ள பட்டத்துக்கும் இல்லாத பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. பாடநெறிகளை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்தில், குறைந்தது 30 கிரெடிட்டுடன் (கற்றலின் அளவைக் குறிக்கும் அலகு) நிற்கிறது. பாடநெறியோடு ஆய்வையும் சேர்த்த முதுமாணி 10ஆம் மட்டத்துக்குரியது. அதற்குரிய 60 கிரெடிட்டில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியவை. ஆய்வையே முதன்மையாகக் கொண்ட எம்.ஃபில். 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். எம்.எட். என்று பொதுவாகச் சொல்லப்படும் கல்வி முதுமாணிப் பட்டம் எந்த மட்டத்தில் வழங்கப்படுகிறது என்பதை விண்ணப்ப அறிவித்தலில் தேடிப் பார்ப்பது அவசியம். பதவியுயர்வுக்கு ஒரு பட்டம் போதும் என்பவருக்கு 9ஆம் மட்டம் போதுமானது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. (தகைமைச் சான்றிதழுக்காகவே கல்வி நடைபெறும் நிலையை 1976இல் பிரித்தானியச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் தமது நூலில் ஆராய்ந்தபோது, எடுத்துக்காட்டாகக் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று.)

ஆய்வேட்டுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. முதலாம் தரத்துக்கு மாணவரைச் சேர்க்கும் நடைமுறையை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகை வீட்டில் வசிக்கும் பெற்றோர், வாக்காளர் இடாப்பின் பிரதி, மின்கட்டணப் பற்றுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று கோப்பொன்றைக் கட்டிக்கொண்டு நேர்முகத்துக்குப் போகிறார்கள். சொந்த வீட்டு உறுதி உள்ளவருக்கு அங்கே கூடுதல் புள்ளி கிடைக்கிறது, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கோ தனி ஒதுக்கீடே இருக்கிறது. கல்விச் சமூகவியல் படிப்பவர் இதில் சொத்தும் குடும்பத் தொடர்பும் பாடசாலை இடமாக மாறும் விதத்தைக் காண்பார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம் என்னும் கருத்து, அதாவது குடும்பத்திலிருந்து கிடைக்கும் அறிவும் பழக்கங்களும் ஒருவகைச் சொத்தாகவே செயல்படுகின்றன என்பது, அவருக்குக் கைகொடுக்கும். கல்வி மெய்யியல் படிப்பவர், அயலில் வசிப்பது ஏன் உரிமைக்கு அடிப்படையாக வேண்டும், பெற்றோர் படித்த பாடசாலையில் பிள்ளைக்கு ஏன் முன்னுரிமை வேண்டும் என்று நியாயத்தைக் கேட்பார். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்படுவதையும் இவ்விருவரும் இரு வேறு கேள்விகளோடுதான் அணுகுவார்கள். இப்படி ஆராயும் பயிற்சி ஆய்வேடு எழுதும்போதுதான் கிடைக்கும்; மூன்று மணி நேரப் பரீட்சையில் டூயி, ஃப்ரேரே போன்ற கல்விச் சிந்தனையாளர்களைப் பற்றிக் குறிப்பெழுதிச் சித்தியடைபவருக்கு அது கிடைப்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்துக்கே முதலிடம் கொடுப்பேன். டிப்ளோமா முதல் கலாநிதிப் பட்டம் வரை ஒரே பீடத்தில் இருப்பதால், முதுமாணி ஆய்வேட்டில் தொடங்கிய கேள்வியை எம்.ஃபில். வரை கொண்டுபோகும் வாய்ப்பு இங்கே உண்டு. தமிழில் கல்வியியல் நூல்கள் பலவற்றை எழுதிய பேராசிரியர் சோ. சந்திரசேகரன் பணியாற்றிய பீடமும் இதுவே. எனினும் தமிழில் எழுதப்படும் ஆய்வேட்டை மெய்யியல் நோக்கில் மேற்பார்வை செய்யக்கூடியவர் இப்போது யார் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே நேரில் விசாரித்தறிய வேண்டும். பெயர்ப்பலகையை நம்பிச் சேர்ந்தால், கற்பித்தல் முறைகளைப் பற்றிய வினாக்கொத்து ஆய்வு ஒன்றில் போய் முடியக்கூடும்.

1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், அச்சிட்ட பாடநூல்களையும் ஒப்படைகளையும் குறைந்த எண்ணிக்கையிலான நேரடி வகுப்புகளையும் கொண்டு நடப்பது. பின்னேர வகுப்புகளும் வீட்டுப் பொறுப்பும் உள்ளவருக்கு இது பெரிய வசதி. ஆனால் மெய்யியல் என்பது எதிரிலிருப்பவர் மறுத்துப் பேசும்போதே கூர்மை பெறும் துறை என்பதால், இங்கே சேர்பவர் அந்த விவாதத்தைத் தானாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து மாதமொருமுறை ஒரு கட்டுரையை வாசித்துப் பேசினாலே அந்தக் குறை பெருமளவு தீரும்.

1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய கல்வி நிறுவகத்தின் இயல்பு வேறு. பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் தயாராகும் இடம் அது. கலைத்திட்ட மாற்றம், பாடசாலை முகாமைத்துவம் என்பனவற்றில் ஆர்வமுள்ள ஆசிரியருக்கும் அதிபருக்கும் மஹரகமை நல்ல தெரிவு. கலைத்திட்டத்தின் நோக்கத்தையே கேள்விக்கு உட்படுத்த நினைப்பவருக்குப் பல்கலைக்கழகமே பொருத்தமான இடம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதி கிடைத்தாலும், வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஒரு நூலின் ஒரு அத்தியாயத்தையேனும் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சுருக்கி எழுதிப் பார்த்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது. நேரடியாக எம்.ஃபில். பதிய விரும்புவோருக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே இரண்டு ஆண்டு முழுநேர உழைப்புக்கு ஈடான ஆய்வு எதிர்பார்க்கப்படுகிறது, வேலையோடு செய்பவருக்கு அது நீளும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல்வி நிறுவகம் போன்ற வெளிநாட்டு இடங்கள் புலமைப்பரிசில் இல்லாத ஆசிரியருக்கு எட்டாதவை. யாழ்ப்பாணம், பேராதனை, களனி ஆகிய பல்கலைக்கழகங்களில் மெய்யியல் துறைகள் உள்ளன. கல்வியை விட மெய்யியலிலேயே நாட்டம் மிக்கவர் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் அத்தகைய பட்டத்தைக் கல்விச் சேவைப் பதவியுயர்வுக்குக் கணக்கிலெடுப்பார்களா என்பதை, கட்டணம் செலுத்தும் முன் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.