வலென்சியால குடும்பத்தோட தங்க எந்த ஏரியா? ஊருக்குள்ளயா, கடல் பக்கமா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஸ்பெயின்ல வலென்சியாவுக்கு கோடைல சின்னப் பசங்களோட, வயசானவங்களோட போறீங்கன்னா கபன்யால்ல ரூம் எடுங்க, அதாவது கடலை ஒட்டின பழைய மீனவர் பகுதி. நாங்க அங்கதான் தங்கினோம். நான், வீட்டுக்காரர், ஸ்ட்ரோலர்ல உட்கார்ற சின்னவ, ஓடிக்கிட்டே இருக்கற பெரியவன், முட்டி வலி இருக்கற அத்தை, இதுதான் எங்க செட்டு. புக் பண்றதுக்கு முன்னாடி பழைய நகரம், ரூசாஃபா, அந்த வெள்ளை வெள்ளையா பெரிய கட்டடங்க இருக்கற அறிவியல் நகரம் பக்கம், பட்டகோனா, கபன்யால்னு அஞ்சு ஏரியாவையும் வச்சு வீட்ல நிறைய பேச்சு நடந்தது. மத்த நாலு இடத்துக்கும் போய்ப் பார்த்தோம், ஆனா தங்கல, அதனால அதுங்களப் பத்தி நான் சொல்றத அந்த அளவுக்கே எடுத்துக்கோங்க.

பழைய நகரத்தப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. கதீட்ரல், பட்டு வியாபாரம் நடந்த லோன்ஹா, 1928ல திறந்த சென்ட்ரல் மார்க்கெட் எல்லாம் நடக்கற தூரத்துல இருக்கும். ரெய்னா சதுக்கத்துலயும் டவுன்ஹால் சதுக்கத்துலயும் காரை எடுத்துட்டு நடக்கறவங்களுக்கு விட்டுட்டாங்க, பசங்கள கையை விட்டு ஓட விடலாம். கல்யாணமான புதுசுல ரெண்டு பேரா போறவங்க அங்கயே தங்கலாம், தாராளமா. ஆனா பழைய நகரத்துக்குள்ளயே இருக்கற எல் கார்மென் பக்கம் ராத்திரி பார் கூட்டம், சத்தம் மிஞ்சின பகுதின்னு அறிவிச்சு தனிக் கட்டுப்பாடு போட்ட இடம் அது, அங்க ஒன்பது மணிக்கு குழந்தையைத் தூங்க வைக்கறது கஷ்டம். பழைய கட்டடம்னா லிஃப்ட் இருக்கான்னும் கேட்டுக்கணும், அத்தை மாதிரி ஆளுங்களுக்கு மூணாவது மாடின்னா முடிஞ்சது.

ரூசாஃபா சாப்பாட்டுக்கு நல்ல இடம். சைவம் சாப்பிடறவங்களுக்கு சாய்ஸ் அங்கதான் அதிகமா கண்ணுல பட்டுச்சு, அந்தப் பக்கம் ஆசிய மளிகைக் கடைங்களும் இருக்கு, பருப்பு, மசாலா கிடைக்கும். சாயங்காலம் ஒரு தடவை போய் சுத்திட்டு சாப்பிட்டுட்டு வரலாம். தங்கறதுக்குன்னா கடல் தூரம், ராத்திரி சத்தமும் உண்டு.

அறிவியல் நகரம் பக்கம்தான் நாங்க ரொம்ப யோசிச்சது. அகலமான ரோடு, புதுக் கட்டடம், லிஃப்ட், ஏசி, கீழயே ஷாப்பிங் மால்னு பேப்பர்ல பார்த்தா குடும்பத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 2003ல திறந்த ஓசியனோகிராஃபிக் மீன்காட்சியகம் பக்கத்துலயே, அப்பறம் தூரியா பூங்கா. இந்தப் பூங்கா கதை தெரிஞ்சா பிடிச்சுப் போகும். 1957 அக்டோபர்ல பெரிய வெள்ளம் வந்து ஊரே மூழ்கினதுக்கு அப்பறம் தூரியா ஆத்தையே ஊருக்குத் தெற்கால திருப்பி விட்டுட்டாங்க, காஞ்சு கிடந்த ஆத்துப் படுகைல ரோடு போடலாம்னு பேச்சு வந்தப்ப மக்கள் போராடி அதைப் பூங்காவா மாத்த வச்சாங்க. இப்ப கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நீளத்துக்கு மரமும் சைக்கிள் பாதையும்தான், மேல பழைய பாலங்க அப்படியே நிக்குது. அதுல கலிவர்னு ஒரு ராட்சச உருவம் தரையில மல்லாந்து கிடக்கும், அவர் கை, கால், கோட்டு எல்லாமே சறுக்குமரம், ஏறி விளையாட டிக்கெட் கிடையாது. பெரியவன் அங்கேர்ந்து கிளம்பவே மாட்டேன்னுட்டான். இவ்வளவு இருந்தும் அந்த ஏரியாவ நாங்க ஏன் விட்டோம்னா ரெண்டு காரணம். ஒண்ணு, சாயங்காலம் கீழ இறங்கினா எதிர்ல பெரிய ரோடும் கார்களும்தான், தெருன்னு ஒண்ணு இல்ல. இன்னொண்ணு மத்தியானப் பிரச்சனை, அதைத்தான் இங்க கொஞ்சம் விலாவாரியா சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா ஏரியா தேடும்போது யாரும் இதைச் சொல்லல.

வலென்சியா கிரீன்விச் கோட்டுக்குக் கிட்டத்தட்ட நேர் மேல, ஒரு துளி மேற்கால இருக்கு. லண்டன் நேரத்தோட சேர வேண்டிய ஊர் அது, ஆனா ஸ்பெயின் வச்சிருக்கறது பெர்லின் நேரம், அதுக்கு மேல கோடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கறாங்க. அதனால ஜூலைல கடிகாரம் பன்னெண்டு காட்டும்போது வெயில் நம்ம பத்து மணி வெயில் மாதிரி இருக்கும், உச்சி வெயில்னு ஒண்ணு வர்றதே மத்தியானம் ரெண்டு மணி தாண்டித்தான். ஒண்ணரைல ஆரம்பிச்சு அஞ்சரை வரைக்கும் சின்னப் பசங்கள வெளிய வச்சிருக்க முடியாது, மணல் காலை சுட்டுடும், கலிவர் சறுக்குமரமும் சூடேறிக் கிடக்கும். பொழுது சாயறது ஒன்பதரைக்கு. சாப்பாடும் இதே கணக்குலதான் ஓடுது, மத்தியானச் சாப்பாடு ரெண்டுல இருந்து நாலு, அப்பறம் அடுப்ப அணைச்சுடுவாங்க, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எட்டரை ஒன்பதுக்கு முன்னாடி பல ஹோட்டல்ல கிச்சனே திறக்காது. பசங்களுக்கு ஆறரைக்கே பசிக்கும்.

அதனால அந்த ஊர்ல ஒரு நாள்ங்கறது ரெண்டு நாள் மாதிரி. காலைல ஒன்பதுல இருந்து ஒண்ணு வரைக்கும் ஒண்ணு, சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் இன்னொண்ணு, நடுவுல எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கணும். அந்த ஊர்க்காரங்களும் அப்படித்தான் இருக்காங்க, மூணு மணிக்கு ஷட்டர் எல்லாம் இறக்கி தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். அப்ப கேள்வி என்னன்னா, மத்தியானம் ஒரு மணிக்கு கடற்கரைல இருந்து உங்க ரூமுக்கு எப்படித் திரும்புவீங்க? பழைய நகரத்துல தங்கினா கடல்ல இருந்து 4, 5 கிலோமீட்டர், பஸ்ஸோ டிராமோ பிடிச்சு காத்திருக்கற நேரத்தையும் சேர்த்தா அரை மணிக்குக் குறையாது. ஈர டவுசரோட ஒருத்தன், தூக்கத்துல சொக்கற ஒருத்தி, மணல் ஒட்டின ஸ்ட்ரோலர மடக்கணும், அத்தைக்கு சீட் கிடைக்கணும். சரி திரும்பியாச்சு, தூங்கியாச்சு, சாயங்காலம் மறுபடியும் கடலுக்குக் கிளம்புவீங்களா? மாட்டீங்க. மொத நாள் போவீங்க, ரெண்டாவது நாள் "இன்னிக்கு வேணாம், இங்கயே சுத்தலாம்"னு ஆகிடும். கடலுக்குன்னு ஃபிளைட் ஏறி வந்துட்டு நாளோட நல்ல பாதிய கடல் இல்லாமயே ஓட்டற மாதிரி ஆகும். நல்ல பாதின்னு ஏன் சொல்றேன்னா அந்தக் கடற்கரை கிழக்கப் பார்த்தது, சூரியன் கடல்ல எழும்பி ஊருக்குப் பின்னாடி இறங்கும், ஆறு மணிக்கு மேல வெயில் முதுகுப் பக்கம் போயிடும், மணலும் ஆறிடும், தண்ணி மட்டும் பகல் சூட்ட வச்சிருக்கும். ஆகஸ்ட்ல தண்ணி 26 டிகிரி கிட்ட இருக்கும்.

அறிவியல் நகரம் பக்கமும் இதே கதைதான், மேப்ல பார்த்தா கடல் பக்கத்துல தெரியும், ஆனா தூரியா பூங்கா நேரா கடற்கரைல போய் முடியறதில்ல, நடுவுல துறைமுகமும் ரோடுமா இருக்கு, ஸ்ட்ரோலரோட வெயில்ல நடக்கற வழி இல்ல அது.

கபன்யால்ல நாங்க எடுத்த வீட்ல இருந்து மணலுக்கு பத்து நிமிஷ நடை, அத்தை நடைக்கு கால் மணி. ஒண்ணேகால் ஆச்சுன்னா கடற்கரைல இருக்கற ஷவர்ல காலை அலசிட்டு நடந்தே வந்துடுவோம், ரைஸ் குக்கர் போட்டு ரசம் சாதம், ஷட்டர இறக்கினா வீடு இருட்டு, எல்லாரும் தூக்கம். ஆறு மணிக்கு மறுபடியும் ஒரு வாளியும் துண்டும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடறது. எதையாவது மறந்துட்டா ஒரு ஆள் ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடலாம். அத்தைக்கு அலுத்துப் போச்சுன்னா "நீங்க இருங்க, நான் மெதுவா வீட்டுக்குப் போறேன்"னு தனியாவே கிளம்பிடுவாங்க, வழி நேர் வழி. அவங்க யாரையும் எதிர்பார்க்காம போய் வந்ததே அந்த லீவுல எங்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம். மால்வரோசா, லாஸ் அரேனாஸ்னு அங்க இருக்கற ரெண்டு கடற்கரையுமே அகலமான மணல், தண்ணிக்குப் போறதுக்குள்ளயே நூறு மீட்டருக்கு மேல நடக்கணும், ஸ்ட்ரோலருக்கு மரப் பலகைப் பாதை போட்டிருக்காங்க. ஆழம் மெதுவாத்தான் கூடும். கொடி மட்டும் பார்த்துக்கோங்க, பச்சைன்னா சரி, மஞ்சள்னா பசங்கள விடாதீங்க, சிவப்புன்னா யாரும் இறங்கக் கூடாது.

தெருவப் பத்தியும் சொல்லணும். கபன்யால் 1897 வரைக்கும் தனி ஊரா இருந்துச்சு, இன்னும் அந்த ஊர்க்களை போகல. கடலுக்கு இணையா நீள நீளமா தெருங்க, ரெண்டு மாடி வீடுங்க, முகப்பு முழுக்க பச்சை, நீலம், மஞ்சள்னு பீங்கான் டைல்ஸ், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு டிசைன். ராத்திரி எட்டு எட்டரைக்கு பாட்டிங்க எல்லாம் வீட்டுக்குள்ள இருந்து நாற்காலியத் தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டு உட்கார்ந்துடுவாங்க, நம்ம ஊர் திண்ணைப் பேச்சு மாதிரியேதான், கைல விசிறி வேற. அத்தைக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா எதிர்வீட்டு அம்மா தெனமும் சின்னவளக் கொஞ்சி, அத்தையோட காட்டன் புடவைத் தலைப்பத் தொட்டுப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரிச்சுட்டுத்தான் உள்ள போவாங்க. காலைல கபன்யால் மார்க்கெட், தக்காளி, பீச், தர்பூசணி எல்லாம் சென்ட்ரல் மார்க்கெட் கூட்டம் இல்லாம வாங்கலாம். பெரும்பாலும் மத்தியானம் மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழமை லீவு, சனிக்கிழமையே வாங்கி வச்சுக்கணும்.

பசங்களுக்கு ஆறரை மணிப் பசின்னு சொன்னேனே, அதுக்கு ஓர்ச்சாட்டா இருக்கு. கோரை வகைக் கிழங்கு ஒண்ண ஊற வச்சு அரைச்சு பிழிஞ்சு சர்க்கரை போட்டு ஜில்லுனு தருவாங்க, பால் துளி கூட கிடையாது. கூட ஃபார்ட்டோன்னு நீளமா ஒரு இனிப்பு பன், முக்கிச் சாப்பிடறது, அதுல வழக்கமா முட்டை சேர்ப்பாங்க, அதனால அத்தை ஓர்ச்சாட்டாவோட நிறுத்திக்கிட்டாங்க. பாயெல்யாங்கற அரிசிச் சாப்பாடு அங்க மத்தியானத்துக்கு, ஊர் முறைப்படி கோழியும் முயலும் போடுவாங்க, சைவம்னா காய்கறி பாயெல்யான்னு தனியா கேக்கணும், குழம்புத் தண்ணி எதுல செஞ்சதுன்னும் கேட்டுடுங்க.

பட்டகோனாதான் கபன்யாலுக்கு உண்மையான போட்டி. அதே கடற்கரையோட வடக்குத் தொடர்ச்சி, நிர்வாகப்படி பக்கத்து ஊர் அல்போராயாவோடது, புது அபார்ட்மெண்ட், லிஃப்ட், பால்கனில நின்னா கடல். கூட்டம் கம்மி. ஒரு வாரமும் கடல் மட்டும் போதும்னா அங்கயே எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனா ஊருக்குள்ள போக டிராம் ஸ்டாப்புக்கு நல்லா நடக்கணும், மார்க்கெட், வாசல்ல நாற்காலி போடற தெரு எதுவும் கிடையாது. கபன்யால்ல டிராமும் இருக்கு, ரயில் ஸ்டேஷனும் இருக்கு, ஏர்போர்ட்ல இருந்து 5ஆம் நம்பர் மெட்ரோ மரீத்திம் ஸ்டேஷன் வரைக்கும் நேரா வருது, அங்கேர்ந்து டிராம். சூமா கார்டு ஒண்ணு எடுத்தா மெட்ரோ, டிராம், பஸ் எல்லாத்துக்கும் ஆகும். கதீட்ரல், கலிவர், மீன்காட்சியகம் எல்லாம் ஒரு தடவை போய்ப் பார்க்கற இடம், அதுக்கு காலைல கிளம்பிப் போயிட்டு வந்துடலாம். தெனமும் போற இடம் கடல், அதைத்தான் பக்கத்துல வச்சுக்கணும்.

கபன்யால்ல குறை இல்லாம இல்ல. ஒரு தெரு பளிச்சுனு இருக்கும், அடுத்த தெருல இடிச்ச மனை, சன்னல்ல செங்கல் வச்சு அடைச்ச வீடு. அதுக்குக் காரணம் இருக்கு. பிளாஸ்கோ இபான்யெஸ் ரோட்டக் கடல் வரைக்கும் நீட்டணும்னு 1998ல ஒரு திட்டம் போட்டு இந்தப் பகுதிய ரெண்டா வெட்டப் பார்த்தாங்க, வீடுங்கள வாங்கி இடிச்சாங்க, மக்கள் வருஷக்கணக்கா எதிர்த்து நின்னு 2015ல நகராட்சி நிர்வாகம் மாறினப்பதான் கைவிட்டாங்க. அந்தக் காயம் இன்னும் தெரியும். எங்களுக்குப் பயப்படற மாதிரி எதுவும் நடக்கல, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல நாங்க வெளிய இருந்ததும் குறைவு. புக் பண்ணும்போது தெரு பேரைக் கேட்டு மேப்ல தெருப் படம் பார்த்துடுங்க. தரைத்தளம்னா அத்தை மாதிரி ஆளுங்களுக்கு வசதி, ஆனா சன்னல் தெருவப் பார்த்து இருக்கும், கொசுவும் உண்டு, ஏசி பெட்ரூம்ல இருக்கா, ஹால்ல மட்டுமான்னு கேளுங்க.

இன்னொண்ணு. டூரிஸ்ட் ஃபிளாட் பெருகிப் போய் வாடகை ஏறுதுன்னு அந்த ஊர் மக்கள் கொதிச்சுப் போய் இருக்காங்க, கபன்யால் சுவர்லயும் எழுதி வச்சிருக்காங்க, 2024ல மாநகராட்சி புது லைசென்ஸ் கொடுக்கறதையே நிறுத்தி வச்சது. அவங்க சொல்றது நியாயம்தான்னு எனக்குத் தோணுது. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்லாத வீட்ட எவ்வளவு மலிவா கொடுத்தாலும் எடுக்காதீங்க, ராத்திரி வாசல்ல சத்தம் போடாதீங்க. சின்ன ஹோட்டலோ விடுதியோ கிடைச்சா அதையே எடுக்கலாம், கிச்சன் இருந்தா சரி.

இதெல்லாம் ஜூன் கடைசில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் போறவங்களுக்கு. மார்ச்ல ஃபாயாஸ் திருவிழாவுக்குப் போறீங்கன்னா கணக்கே வேற, 1ஆம் தேதில இருந்து 19 வரைக்கும் தெனம் மத்தியானம் ரெண்டு மணிக்கு டவுன்ஹால் சதுக்கத்துல வெடி வெடிப்பாங்க, பெரிய பெரிய பொம்மைங்கள 19ஆம் தேதி ராத்திரி எரிப்பாங்க, அப்ப தண்ணில இறங்கற சூடும் இருக்காது. அந்த நேரத்துக்கு ஊருக்குள்ளயோ தூரியா பூங்காகிட்ட இருக்கற அலமேதா மெட்ரோ ஸ்டேஷன் பக்கமோ எடுக்கறது நல்லதுன்னுதான் நினைக்கறேன். நான் அந்த சீசன்ல போனதில்ல, போனவங்க யாராவது பச்சைக் குழந்தையோட சமாளிச்சிருந்தா அவங்க பேச்சைக் கேளுங்க.