முளைப்பு 92 என்று தாள் காட்டினால் ஏமாறாதீர்கள்

சேரன்மகாதேவி பக்கம் பிசானப் பருவ நடவுக்கு விதைநெல் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. உருப்படியான பில் கையில் இல்லாதவன் பெயர் சொல்லிச் சண்டைக்கு நிற்க முடியாது. பில் இல்லாமல் போன கதையும் கீழே வருகிறது.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்ட வாரம், இரண்டு ஏக்கருக்கு அம்பை 16 ரக விதைநெல் தேடிப் போனேன். வழக்கமாக வாங்கும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் அன்று இருப்பு இல்லை. பஜாரில் ஒரு கடைக்காரர், நான் விலை கேட்கும் முன்பே மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

"அண்ணாச்சி, வாய்ச்சொல் இல்லை. ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த விதை. முளைப்பு 92, நீங்களே பாருங்கள்."

விதைப் பரிசோதனை நிலையத்து அறிக்கையின் நகல். 92ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் என்னைக் கவிழ்த்தது. வட்டத்துக்கு வெளியே கண் போகவே இல்லை. 30 கிலோ மூட்டை இரண்டு வாங்கினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'விதை 2' என்று எழுதி, தொகையைப் போட்டுக் கொடுத்தார். நானும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் மூட்டையை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் சாக்கில் கட்டி வைத்தோம். நல்ல விதை என்றால் சாக்கைப் பிரிக்கும்போது சூடு முகத்தில் அடிக்கும். இது சில்லென்று கிடந்தது. அள்ளிப் பார்த்தால் வெள்ளை முனை காட்டிய நெல்லுக்கு நடுவே வெறும் நெல்லும் உருண்டது. மழை மூட்டம், சூடு ஏறவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு பாவினோம். பத்தாம் நாள் நாற்றங்கால் சொட்டைத் தலை போல இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய மடத்தனம். ஆத்திரத்தில் இரண்டாவது மூட்டையின் தையலை அறுத்து, மாதிரி எடுத்துக்கொண்டு திருநெல்வேலி விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். விவசாயி யாரும் சிறு கட்டணம் கட்டி அங்கே சோதித்துக்கொள்ளலாம். முளைப்புக்குத் துணிப்பை போதும். ஈரப்பதம் பார்க்க வேண்டுமானால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் தனியாகக் கொடுக்க வேண்டும். நெல்லுக்கு முளைத்ததைக் கடைசியாக எண்ணுவது 14ஆம் நாள்.

அன்று ஆய்வகத்தில் இருந்த அம்மா, ஈரத் தாள் சுருள் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சுருளுக்கு நூறாக மொத்தம் 400 விதை. சிலவற்றில் குருத்து நீண்டிருந்தது, வேரே இல்லை. சில கண்ணாடி போல வெளுத்து, திருகிக் கிடந்தன. "வீட்டில் நீங்கள் இதையும் முளைத்ததாக எண்ணுவீர்கள். நாங்கள் எண்ண மாட்டோம். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்த இயல்பான நாற்றுக்கு மட்டும்தான் கணக்கு" என்றார். என் விதை 61 சதவீதம்.

கடைக்காரர் தந்த நகலைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "இதில் உள்ள குவியல் எண்ணும் (லாட் நம்பர்) மூட்டை அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா?" இல்லை. ஒன்றாகவே இருந்தாலும், யாரோ தானாக அள்ளிக் கொண்டுவந்த மாதிரிக்குக் கிடைத்த அறிக்கை அந்த மாதிரியைப் பற்றி மட்டும்தான் பேசும், கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் பற்றி அல்ல என்றார். வீட்டுக்கு வந்து பச்சை அட்டையை நகத்தால் சுரண்டினேன். சோதனைத் தேதி மேல் ஒட்டிய சீட்டு உரிந்து வந்தது. அடியில் இருந்த தேதிக்கு ஒரு வருஷம் தாண்டியிருந்தது. சோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான் அந்த அட்டை செல்லும்.

விதைக் கடைகளைச் சோதிக்கும் அரசு அதிகாரியான விதை ஆய்வாளரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். மூட்டை பிரிபடாமல் இருந்திருந்தால் அவரே மாதிரி எடுத்து, மூன்று பங்காக்கி முத்திரை வைத்து, ஒரு பங்கைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு மற்றொன்றைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார். வழக்கு அதில்தான் நிற்கும். நான் அறுத்த மூட்டையின் மாதிரி எனக்குப் பாடம், அவருக்குச் சாட்சி இல்லை. கடையில் போய்ப் பார்த்தபோது அந்தக் குவியலில் ஒரு மூட்டைகூட மிச்சமில்லை. விற்றுத் தீர்த்துவிட்டார்கள், நம்மூர்க்காரர்களுக்கே.

ஆகவே வாங்குகிறவர்கள், ரகம், குவியல் எண், காலாவதித் தேதி மூன்றும் எழுதிய பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். 1983ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பில் கொடுப்பது அவர்கள் கடமை, நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அட்டையையும் பையையும் அறுவடை வரை தூக்கி எறியாதீர்கள். சந்தேகம் வந்தால் மிச்ச மூட்டையைத் தொடாமல் ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

நான் மேலக்காட்டுக்காரரிடம் நாற்று விலைக்கு வாங்கி ஒரு ஏக்கர் நட்டேன். மற்றது தரிசு. போன வாரம் அந்தக் கடை வழியாக வந்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதே தாள் இருக்கிறது. சிவப்பு வட்டம் கொஞ்சம் வெளிறியிருந்ததால், மேலே இன்னொரு முறை வரைந்திருக்கிறார்.