ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு ஒரு பழத்தோட்டம்: ‘ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்ட்’ விளையாட்டு எப்படி?

மற்ற பிள்ளைகள் விளையாடுவதை மூன்று வயதுப் பிள்ளை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தால், “போ, நீயும் போய் சேர்ந்துக்கோ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவோம். அது பெரும்பாலும் பலிக்காது. எங்கே புகுவது, புகுந்தபின் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பிடிபடாத விஷயம். ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் தயாரிக்கும் ‘ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்ட்’ என்னும் பலகை விளையாட்டு அந்த இரண்டையும் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம்.

பெட்டியில் 4 மரங்கள், நிறத்துக்கு 4 வீதம் கட்டையில் செய்த 16 பழங்கள், ஒரு கூடை, ஓர் அண்டங்காக்கை, அது நடந்து வரும் பாதை அட்டைகள், ஒரு பகடை. பகடையில் எண் கிடையாது. நான்கு பக்கம் நிறம், ஒரு பக்கம் கூடை, ஒரு பக்கம் காக்கை. நிறம் விழுந்தால் அந்த நிறப் பழம் ஒன்றைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். கூடை விழுந்தால் பிடித்த பழம் ஒன்று. காக்கை விழுந்தால் அது பாதையில் ஓர் அட்டை முன்னால் வரும். அது தோட்டத்துக்குள் நுழைவதற்குள் எல்லாப் பழங்களையும் பறித்துவிட்டால் எல்லோருக்கும் ஜெயம், இல்லாவிட்டால் எல்லோருக்கும் தோல்வி. 2 வயதிலிருந்து ஆடலாம், 4 பேர் வரை சேரலாம், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 10 நிமிடம். 1986-ல் வந்த பெரிய ‘ஆர்ச்சர்ட்’ விளையாட்டைச் சிறு பிள்ளைகளுக்காக 2009-ல் சுருக்கிக் கொடுத்தார்கள்.

இதன் பலம், பக்கத்தில் இருக்கும் பிள்ளை எதிராளி இல்லை என்பது. எதிராளி காக்கை. இரண்டு பிள்ளைகளின் கண்ணும் ஒரே பொருளின் மேல் இருக்கிறது. முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நீலப் பழத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கும், மற்ற பிள்ளை கூடையை அதன் பக்கம் நகர்த்தும், பழம் விழும். ஒரு வார்த்தை பேசாமலே ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்து முடிந்திருக்கும்.

பெட்டியை, வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளையின் முன்னால் முதன்முதலாகப் பிரிக்கக் கூடாது. முன்பே வீட்டுப் பெரியவரோடு இரண்டு மூன்று நாள் ஆடிப் பழகியிருந்தால், “இது காக்கா, வந்துச்சுன்னா போச்சு” என்று சொல்லிக்கொடுக்கும் இடம் நம் பிள்ளைக்குக் கிடைக்கும். கூப்பிடுவது ஒரே ஒரு பிள்ளையை. ஒவ்வொரு முறையும் அதே பிள்ளையை. மூன்று பேரானால் இருவர் ஜோடி சேர்ந்துகொள்வார்கள், ஒதுங்கும் பிள்ளை மறுபடி ஒதுங்கும். வந்தவுடன் ஆட்டத்தில் உட்கார வைக்க வேண்டாம். பத்து நிமிடம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் களிமண் பிசையட்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை. மொத்தச் சந்திப்பு 45 நிமிடத்தைத் தாண்டாமல், இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முடியட்டும்.

முதல் ஆட்டத்துக்கு மரத்துக்கு 2 வீதம் 8 பழம் போதும். காக்கையின் பாதையைக் குறைக்காதீர்கள். முதல் தடவை ஜெயிப்பது நல்லது. பகடையைத் தரையில் உருட்டினால் சோபாவுக்கு அடியில் போய்விடும். பெட்டி மூடிக்குள் உருட்டச் சொல்லுங்கள். கூடை விழும்போது எங்கள் விதி ஒன்று உண்டு: உருட்டியவர் “எதை எடுக்கலாம்?” என்று மற்றவரைக் கேட்க வேண்டும். ஆட்டத்தில் உரையாடல் முளைக்கும் இடம் அதுதான்.

சோர்வு தட்டுவது கடைசிக் கட்டத்தில். ஒரே ஒரு மரத்தில் பழம் மிஞ்சியிருக்கும்போது பகடையின் ஆறு பக்கங்களில் பழம் தருவது இரண்டு, காக்கை ஒன்று, மீதி மூன்றும் வெறும் உருட்டல். பொறுமை இல்லாத பிள்ளை எழுந்து போவது அப்போதுதான். அந்த நேரத்தில், உருட்டுவதற்கு முன் என்ன விழும் என்று இருவரையும் சொல்லச் சொன்னால் வெறும் உருட்டலும் விளையாட்டாகிவிடும்.

விளையாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவரின் வாய். “பாரு, எவ்வளவு அழகா ஃப்ரெண்டு கூட ஆடுற!” என்று பாராட்டினால் பிள்ளைக்குத் தன் நினைப்பு வந்து சுருங்கிவிடும். “நீலம் இன்னும் ரெண்டு இருக்கு” என்று தோட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், அதுவும் இருவருக்கும் பொதுவாக.

நான்கரை வயதுக்கு மேல் இது சலித்துவிடும்; அப்போது 40 பழங்கள் கொண்ட பெரிய ‘ஆர்ச்சர்ட்’ சரியாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும், வீட்டில் நன்றாகப் பேசிவிட்டு வெளியே ஒரு மாதத்துக்கு மேலாக வாயே திறக்காத பிள்ளைக்கும் எந்தப் பெட்டியும் போதாது. குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாத மௌனத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாலைந்து சந்திப்புக்குப் பிறகு பகடை மூலையில் கிடக்கும். பழங்கள் மட்டும் கடைச் சாமானாகவோ சமையல் சாமானாகவோ வீடு முழுக்கத் திரியும். “ஒழுங்கா ஆடுங்க” என்று அப்போது குறுக்கிடாதீர்கள். சிதறிக் கிடக்கும் பழங்களை மட்டும் சாயங்காலம் எண்ணிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.