வலிப்புள்ள பிள்ளைக்கு அரசு மருத்துவமனையா, தனியார் நரம்பியல் மருத்துவரா?

உறவினர்கள் இதில் இரண்டு கட்சி. நாங்கள் இரண்டு இடத்திலும் காத்திருந்தவர்கள்.

செலவு: அரசில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். தனியாரில் ஒவ்வொரு முறையும் கட்டணம், ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) தனி.

நேரம்: அரசில் அரை நாள், சோற்றுப் பொட்டலம் அவசியம். தனியாரில் முன்பதிவு உண்டு, தாமதமும் உண்டு.

மருத்துவரின் மனம்: இங்கேதான் என் கணக்கு தப்பியது. பணம் கொடுத்தால்தான் பொறுமை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். தனியார் மருத்துவர் அருமையானவர்தான். முதலில் மகளிடம் பொம்மையின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் பேசினார். ஆனால் நீண்ட வரிசைக்கு நடுவே, கைபேசியில் நாங்கள் எடுத்த வலிப்பு வீடியோவை இரண்டு முறை பார்த்தவர் அரசு மருத்துவர். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஓடி வாருங்கள் என்று என் மாமியாருக்குச் செய்தே காட்டினார். கையில் சாவிக்கொத்து திணிக்கும் வழக்கம் அன்றோடு எங்கள் வீட்டில் ஒழிந்தது.

தொடர்ச்சி: அரசில் முகங்கள் மாறும், பழைய சீட்டுகளைக் கோப்பில் வையுங்கள். தனியாரில் ஒரே மருத்துவர்.

மருந்தளவை அடிக்கடி மாற்றவேண்டிய பிள்ளைக்குத் தனியார் வசதி. வலிப்பு அடங்கி, மாத்திரை மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடரும் என்றால் அரசே போதும்.