சின்னம்மாவின் மார்பு அறுவை: டர்பனில் பார்த்ததும் பட்டதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர அரசு மருத்துவமனைகளைப் பற்றி, வெளிநாட்டில் குடியேறிவிட்ட எங்களைக் கேட்டால் ஒரே பல்லவிதான் வரும்: "வரிசையில் நின்றே உயிர் போய்விடும்." இந்த முறை ஊருக்குப் போனபோது சின்னம்மாவுக்காக அந்த வரிசையில் நானே நின்றேன். வரிசை உண்மைதான், அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னம்மாவுக்கு 67 வயது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் தனியாக இருக்கிறார். குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எல்லாம் நான் இங்கிலாந்திலிருந்து வந்து சேருவதற்குள் முடிந்திருந்தன. புற்றுநோய்க் கட்டிதான்; இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை. மெடிக்கல் எய்ட் எனும் தனியார் மருத்துவக் காப்பீடு கிடையாது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் என்பதால் அரசு மருத்துவமனையில் கட்டணமும் கிடையாது.

உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே முடிவில் இருந்தார்கள்: "மார்பை முழுசாக எடுத்துவிடச் சொல், தொல்லை விட்டது." அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். இந்த மாகாணத்தில் பலருக்கும் பயம் அங்கேதான். குவாசூலு-நட்டாலின் புற்றுநோய் சிகிச்சை பற்றி 2017-இல் மனித உரிமை ஆணையம் வெளியிட்ட அறிக்கையை ஊர் இன்னும் மறக்கவில்லை. இயந்திரங்கள் பழுது, புற்றுநோய் மருத்துவர்கள் போதாது, நோயாளிகளின் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று அந்த அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது.

பயத்துக்கு ஆய்வுகளிலும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு 1976-இல் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்கள். இருபது ஆண்டுக் கணக்கு 2002-இல் வந்தது. மார்பை முழுதாக இழந்தவர்களும் கட்டியை மட்டும் இழந்தவர்களும் உயிரோடு இருப்பதில் வேறுபாடு இல்லை. மிலானில் வெரோனேசி செய்த ஆய்வும் அதே ஆண்டில் அதையே சொன்னது. ஆனால் ஃபிஷர் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்பி வந்தது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14 சதவீதம். ஆக, மார்பைக் காப்பாற்றும் அறுவை, கதிர்வீச்சு ஒழுங்காகக் கிடைக்கும் ஊரில்தான் முழுமையாகச் செல்லுபடியாகும்.

கிடைத்தாலும் போய்வர வேண்டுமே. மூன்று வாரம், பதினைந்து முறை என்பது வழக்கமான கணக்கு. டோங்காட்டிலிருந்து டர்பன் போய்வர ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மொத்தம் 1,200. அறுவை ஆறாத மார்போடு, மினிபஸ் டாக்ஸியில் நான்கு பேர் இருக்கையில் நெருக்கிக்கொண்டு. நான் இருக்கும் இங்கிலாந்தில் 4,096 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்த பிறகு, பலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையோடு முடித்துவிடுகிறார்கள். இதை இங்கேயும் கேட்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டுதான் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

அறுவைப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் ஒரு இளம் ஜூலு பெண் மருத்துவர். சின்னம்மாவை "மா" என்றுதான் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பத்து வட்டம் வரைந்தார்.

"இவர்கள் உங்களைப் போன்ற பத்துப் பெண்கள், மா. 65 வயதைத் தாண்டியவர்கள், சிறிய கட்டி, அக்குளில் பரவவில்லை, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கதிர்வீச்சு இல்லாமல் விட்டால் பத்து வருடத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு அதே மார்பில் திரும்பி வரும்." ஒரு வட்டத்தை அடித்தார். "கதிர்வீச்சு எடுத்தால் நூறில் ஒருவருக்கு."

"வந்தால்?" என்றார் சின்னம்மா.

"வந்தால் மறுபடி அறுவை. ஆனால் உயிர் பிழைத்திருப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது."

அவர் சொன்னது எடின்பரோவின் இயன் குங்க்லர் தலைமையில் 1,326 பெண்களிடம் செய்த ஆய்வு. பத்தாண்டு முடிவு 2023-இல் வெளியானது: 9.5 சதவீதத்துக்கு எதிராக 0.9, உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 81 சதவீதம். எனக்குச் சந்தேகம் விடவில்லை. "வரிசை நீளம் என்பதால் இப்படிச் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன். கோபப்படவில்லை. "இவருக்கு ஐம்பது வயதென்றால் இதைச் சொல்லவே மாட்டேன். வரிசையில் நிற்கத்தான் சொல்வேன்" என்றார். இவ்வளவு நேர்மையான பதிலைப் பணம் கட்டிப் பார்த்த இடங்களிலும் எனக்கு யாரும் தந்ததில்லை.

சின்னம்மா கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதித்தார். அக்குளில் பரவியிருக்கிறதா என்று பார்க்க, மார்பில் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை மட்டும் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் அக்குளை மொத்தமாகச் சுரண்டி எடுப்பார்கள். பலருக்குக் கை வீங்கிக் காலம் முழுக்க அப்படியே இருந்துவிடும். சாயம் பற்றி முன்னமே சொல்லியிருந்தார்கள். இருந்தும் மறுநாள் காலை கழிவறையிலிருந்து சின்னம்மா போட்ட சத்தத்தில் சிஸ்டர் ஓடிவந்தார். சிறுநீர் பச்சையாக, கழுவிய பாசிப்பருப்புத் தோல் நிறத்தில் போயிருக்கிறது. "இரண்டு நாளில் சரியாகிவிடும், கோகோ (பாட்டி)" என்று சிஸ்டர் சிரித்துவிட்டுப் போனார். மார்பின் மேல் நீலக்கறை மட்டும் வெகுநாள் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் நாற்பதுகளில் ஒரு பெண், வெருலத்துக்காரர். அவருக்குக் கட்டி பெரிது, அக்குளுக்கும் போயிருந்தது. மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள். புது மார்பு வேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்கிறவர். பதில், "பிறகு பார்க்கலாம்." அதில் பாதி மருத்துவக் காரணம்: சிலிகோன் பை வைத்த பிறகு கதிர்வீச்சு பட்டால் சுற்றியுள்ள திசு இறுகிக் கெட்டிப்பட வாய்ப்பு அதிகம். வயிற்றுச் சதையையும் அதன் ரத்தக் குழாயையும் எடுத்து, நுண்ணோக்கி வைத்து மார்பில் தைக்கும் முறை 1990-களிலேயே வந்துவிட்டது. கதிர்வீச்சு முடிந்த பிறகு செய்ய அதுவே நல்லது. மறுபாதிக் காரணம், அதற்குப் பல மணி நேரம் அறுவை அரங்கு வேண்டும் என்பது. தீக்காயமும் விபத்தும் வரிசையில் முன்னால் நிற்கின்றன. நல்ல மெடிக்கல் எய்ட் வைத்திருக்கும் என் தோழிக்கு இதே நகரத்தில், மார்பை எடுத்த அதே மேசையிலேயே மீட்டமைப்பையும் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மார்புப் புற்றுநோயாளிகளுக்கு உதவும் 'ரீச் ஃபார் ரிகவரி' அமைப்பின் தொண்டர் ஒருவர், தானும் இந்த நோயைக் கடந்தவர், உள்ளாடையில் வைக்கும் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து எப்படிப் பொருத்துவது என்று திரை மறைவில் காட்டிக் கொடுத்தார். வார்டில் யாரும் அவ்வளவு நேரம் அவர் அருகில் உட்கார்ந்ததில்லை.

இனி வரிசை. ஜூன் குளிரில் விடியுமுன் கிளம்பி, கோப்பு எடுக்கும் ஜன்னலில் நின்று, எண் வாங்கி, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டும். அது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, அறுவைக்குப் பின் திசு அறிக்கைக்காகப் போன அன்று, "கோப்பைக் காணோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து வந்த பதில். பரவியதா இல்லையா என்பது அந்தக் காகிதத்தில் இருக்கிறது! மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்துச் சத்தம் போட்டேன். மதியம் கோப்பு வேறொரு பிரிவின் அலமாரியிலிருந்து வந்தது. சத்தம் போடத் தெரியாதவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனதையும் பார்த்தேன்.

கணு சுத்தம்; வெட்டிய ஓரங்களும் சுத்தம். ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை, வருடம் ஒரு மேமோகிராம். மாத்திரையை டோங்காட் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்துக்குத் திரும்புமுன் கோப்பின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்துச் சின்னம்மாவின் கைபேசியிலும் போட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.