இன்ஸ்டா 'ரெஸ்ட்ரிக்ட்': ப்ளாக்கை விட இது எவ்வளவோ மேல்

கமெண்ட்ல வந்து வம்பிழுக்கிறவனை என்ன பண்றதுனு கேட்டா எல்லாரும் ப்ளாக் பண்ணுனுதான் சொல்வாங்க. ப்ளாக் பண்ணா அவனுக்குத் தெரிஞ்சிடும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "பயந்துட்டாங்க பாரு"னு ஸ்டோரி போட்டுட்டு வேற ஐடில வந்து நிப்பான். இன்ஸ்டால 2019லயே வந்த ரெஸ்ட்ரிக்ட்ங்கிற செட்டிங்ல அவனைப் போட்டா அவனுக்கு நோட்டிபிகேஷனே போகாது. அவன் பாட்டுக்கு கமெண்ட் போடுவான், நாம அப்ரூவ் பண்ணலனா அது அவனுக்கு மட்டும்தான் தெரியும், மெசேஜும் ரிக்வெஸ்ட் பக்கம் போயிடும், நாம படிச்சோமா ஆன்லைன்ல இருக்கோமானு எதுவும் காட்டாது.

நான் சேலை விக்கிற சின்ன பேஜ் வச்சிருக்கேன். ஒருத்தன் ஒவ்வொரு ரீலுக்கும் வந்து "சேலை புதுசு, மூஞ்சி பழசு"னு போடுவான், நம்ம ரெகுலர் கஸ்டமர் அக்காங்க எனக்காகப் பொங்கி எழுந்து பதில் போட, அவனுக்கு அதுதானே வேணும், சேலை விலை கேட்டவங்க கமெண்ட் எல்லாம் அடியில போயிடும். ரெஸ்ட்ரிக்ட் போட்டதும் திட்டவும் ஆள் இல்ல, சிரிக்கவும் ஆள் இல்ல, கொஞ்ச நாள்ல போரடிச்சு அவனே போயிட்டான் 😄

ஆனா "சாயம் போகுது"னு ஒருத்தர் கோவமா போட்டா அவங்கள இதுல போடாதீங்க ப்ளீஸ், அது ட்ரோல் இல்ல, காசு குடுத்தவங்க கேக்கறாங்க, பதில் சொல்லித்தான் ஆகணும்.

இதுகூட ஹிடன் வேர்ட்ஸும் ஆன் பண்ணிக்கோங்க. கெட்ட வார்த்தை, எமோஜி எல்லாம் நாமளே லிஸ்ட் போட்டு வைக்கலாம், அந்த மாதிரி கமெண்ட் மறைஞ்சிடும். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறவங்கதான் தலைவலி, ஒரே வார்த்தையை ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங்ல அடிப்பாங்க, அத்தனையும் உக்காந்து சேர்க்கணும். மீம் பேஜ் எதுலயாவது நம்ம ரீல் மாட்டி கும்பலா வந்தா லிமிட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, ஃபாலோ பண்ணாதவங்க, இப்பதான் ஃபாலோ பண்ணவங்க கமெண்டை மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்கும்.

மிரட்டல், போட்டோவை மார்ஃப் பண்றதுனு போனா இதெல்லாம் பத்தாது. டெலீட் பண்றதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட், ப்ரொஃபைல் லிங்க், தேதி எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல புகார் குடுங்க, பெண்கள் குழந்தைகளுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா ரெஸ்ட்ரிக்ட்ல இருக்கிறவன் நம்ம போஸ்ட், ஸ்டோரி எல்லாம் வழக்கம்போல பாக்கலாம், அதனால குழந்தைங்க போட்டோ, வீட்டு போட்டோ போடறவங்க அவனுக்கு ஸ்டோரி தெரியாத மாதிரி தனியா ஹைட் பண்ணிடுங்க.